மங்கும் மஜோலிக்காவும்: இரப்பர்க் காலத் தமிழர் வாழ்வில் மெருகுமண் கலங்கள்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், சிகாமட்டுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் லாபிஸ். கெமாசிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப் பாதை 1909ஆம் ஆண்டு முழுமையடைந்தது. அதனையொட்டி இவ்வட்டாரத்தின் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாக மாறின. அத்தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழர். இவ்வூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் நிலப்பதிவு, தோட்டக் கணக்கு, கோயில், பள்ளி ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது வழக்கம். அன்றாட வாழ்வில் கையாளப்பட்ட மண்கலங்களைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

உலகெங்கும் பழம்பொருள் சேகரிப்போர் பெரிதும் விரும்பும் கலங்களுள் ஒன்று மஜோலிக்கா. வண்ண மெருகு பூசிய மெழுகுவர்த்தித் தாங்கிகள், தட்டுகள், பூச்சாடிகள், சுவர் ஓடுகள் என அது பல வடிவங்களில் கிடைக்கிறது. அம்மரபின் ஓடுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயா, சிங்கப்பூர் சீனர் இல்லங்களையும் தமிழகச் செட்டிநாட்டு மாளிகைகளையும் அணி செய்தன. அதே காலத்தில், அதே நுட்பத்தின் எளிய வடிவமாகிய மெருகு பூசிய மண்கிண்ணம் ஒன்று, லாபிஸ் போன்ற ஊர்களின் இரப்பர் மரங்களில் ஆயிரக்கணக்கில் தொங்கிக் கொண்டிருந்தது. தோட்டத் தமிழர் அதனை மங்கு என அழைத்தனர். இவ்விரு கலங்களையும் ஒருசேர வைத்து நோக்குவதும், முன்னது சேகரிக்கப்படப் பின்னது கைவிடப்பட்டதன் பொருள் யாது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் கூறும் வரலாறு

மெருகுமண் கலங்கள் தமிழருக்கு அயலிலிருந்து வந்தவை. அவற்றைக் குறிக்கும் சொற்களே அதற்குச் சான்று. பீங்கான் என்னும் சொல் கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. மலாய் மொழியில் தட்டைக் குறிக்கும் 'பிங்கான்' என்னும் சொல்லும் அதே மூலத்தது. அச்சொல் தமிழின் வழியாகவே மலாய்க்குச் சென்றது எனக் கொள்வாரும் உளர். எனவே, மலேசியத் தமிழ் மாணவன் ஒருவன் உணவுமேசையில் மலாய் நண்பன் கூறும் சொல்லைக் கேட்கும்போது, தன் மொழியின் உறவினையே கேட்கிறான்.

மங்கு என்னும் சொல்லின் பயணம் இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. மலாய் மொழியில் கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கோக்' என்னும் சொல்லோடு அது தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. கடல் கடந்து வணிகம் செய்தோர் வழியாக அச்சொல் தமிழகம் சென்றது எனலாம். செட்டிநாட்டில் பீங்கான், எனாமல் பாத்திரங்களை மங்குச் சாமான் என வழங்குவர். மகளுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் அவற்றுக்கு ஓர் இடம் உண்டு. அதே சொல் மலாயாத் தோட்டங்களில் இரப்பர்ப் பால் வடியும் கிண்ணத்தின் பெயராயிற்று. ஒரு சொல் சீர்வரிசையிலும் இருந்தது, பால்மரத்திலும் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவது சொல் கிண்டி. மூக்குடைய நீர்க்கலத்தைக் குறிக்கும் இச்சொல்லும் மலாயில் வழங்கும் 'கெண்டி' என்பதும் 'குண்டிகா' என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1974ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆசியக் கலை அருங்காட்சியகம் தன் கெண்டிக் கலத் தொகுதிக்காகவே பெயர் பெற்றது. இந்திய இயல் பயில்வோருக்கு அத்தொகுதி மொழி வரலாற்றுக்கும் உதவும் ஒரு நூலகமாகும்.

இச்சொற்களுக்கு முன்னரே கலங்கள் வந்துவிட்டன. பெரியபட்டினம், காயல்பட்டினம் முதலிய தமிழகத் துறைமுக ஊர்களில் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்துள்ளன. அறிஞர் நொபொரு கராஷிமா தலைமையிலான ஆய்வாளர்கள் அவற்றை முறையாக ஆராய்ந்து தென்னிந்திய வணிக வரலாற்றுக்குப் புதிய வெளிச்சம் தந்தனர். உடைந்த சில்லும் ஆவணமே என்பதை அவ்வாய்வுகள் நமக்கு உணர்த்தின.

மஜோலிக்காவின் தோற்றமும் பரவலும்

மஜோலிக்காவின் வரலாறு நம் கடற்பகுதியோடு தொடர்புடையது. ஒன்பதாம் நூற்றாண்டில் சீனத்தின் வெண்ணிறக் கலங்கள் கடல்வழியாக மேற்காசியாவுக்குச் சென்றன. பெலித்தோங் தீவின் அருகே 1998ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மூழ்கிய கப்பல் அவ்வணிகத்தின் அளவைக் காட்டிற்று. ஏறத்தாழ 60,000 கலங்கள் அதிலிருந்து மீட்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கி.பி. 826ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறிப்பு உடையது. சீனத்தின் வெண்களிமண் கிடைக்கப் பெறாத பாஸ்ரா நகரக் குயவர்கள், உள்ளூர் மஞ்சள் மண்ணின் மீது வெள்ளீயம் கலந்த மெருகினைப் பூசி வெண்மை நிறத்தை உண்டாக்கினர். அவ்வெண்பரப்பின் மீது வண்ணம் தீட்டும் கலை வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயினை அடைந்தது.

ஸ்பெயின் நாட்டுக் கலங்கள் மயோர்க்காத் தீவின் வழியாக இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அத்தீவின் பெயரே அங்கு கலத்தின் பெயராயிற்று. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஃபயென்சா, தெரூத்தா, உர்பீனோ முதலிய இத்தாலிய நகரங்களில் இக்கலை உச்சநிலை எய்தியது. பொருள் ஓரிடத்தது, பெயர் வேறோரிடத்தது என்னும் இந்நிலை பண்பாட்டு வரலாற்றில் புதிதன்று. மலாய்ச் சொல்லால் தமிழர் சுட்டும் மங்கும் அத்தகையதே.

இக்காலச் சேகரிப்போர் மஜோலிக்கா எனக் கூறும்போது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கலங்களையே கருதுகின்றனர். இங்கிலாந்தின் மின்டன் நிறுவனத்தில் 1849ஆம் ஆண்டு சேர்ந்த பிரெஞ்சு நாட்டு வேதியியல் வல்லுநர் லியோன் ஆர்னூ புதிய வண்ண மெருகுகளை உருவாக்கினார். அவை 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டன. பின்னர் வெட்ஜ்வுட் முதலிய பிற நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. இங்கு ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பழைய இத்தாலியக் கலத்தின் மெருகு வெள்ளீயம் கலந்தது, ஒளி ஊடுருவாதது. ஆங்கிலக் கலங்களுள் மிகப் பலவற்றின் மெருகு காரீயம் கலந்தது, ஒளி ஊடுருவுவது. புடைப்பான வடிவத்தின் மீது அது பூசப்படும்போது பள்ளங்களில் தேங்கிக் கருமையாகவும் மேடுகளில் மெலிந்து வெளிறியும் தோன்றும். ஒரே பூச்சினால் நிழலும் ஒளியும் அமைவதே அதன் அழகு.

அவ்வழகுக்கு ஒரு விலையும் இருந்தது. காரீயத் துகள் மெருகு பூசும் தொழிலாளர்களின், அவர்களுள்ளும் பெண்களின், உடலைக் கெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அரசு இதனை விசாரித்து விதிகள் வகுக்க நேர்ந்தது. அலங்காரப் பொருளின் வரலாறு அதனை வாங்கியோரோடு முடிவதில்லை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

விளக்குத் தாங்கிகளும் சேகரிப்பு மரபும்

மஜோலிக்காக் கலங்களுள் மெழுகுவர்த்தித் தாங்கிகளுக்குத் தனியிடம் உண்டு. தேவாலயப் பீடத்திற்குரிய உயர்ந்த தாங்கிகள், மேசைக்குரிய இணைத் தாங்கிகள், கையில் ஏந்திச் செல்லும் வளையமுடைய சிறு தாங்கிகள் என அவை பலவகைப்படும். மீன், இலை, குழந்தை உருவம் ஆகியன தாங்கியின் தண்டாக அமைவதுண்டு. சிசிலித் தீவின் கல்தாஜிரோனே நகரில் மனித உருவில் அமைந்த எண்ணெய் விளக்குகள் செய்யப்பட்டன. தமிழர் இவற்றைக் காணும்போது கோயில்களில் ஒளியேந்தி நிற்கும் பாவை விளக்கு நினைவுக்கு வருதல் இயல்பு. உலோகத்தில் தமிழர் கண்ட கற்பனையை மண்ணில் சிசிலியர் கண்டனர்.

சேகரிப்பு ஒரு கல்வித்துறையாக வளர்ந்த முறையும் அறியத்தக்கது. இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் மஜோலிக்காத் தொகுதிக்குச் சார்லஸ் ட்ரூரி ஃபோர்ட்னம் என்பார் 1873ஆம் ஆண்டு விரிவான விளக்கப்பட்டியல் வெளியிட்டார். அவரும் ஒரு சேகரிப்பாளரே. அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு பன்னாட்டு மஜோலிக்காச் சங்கம் தோன்றியது. நியூயார்க்கிலும் பால்டிமோரிலும் 2021, 2022ஆம் ஆண்டுகளில் நடந்த பெருங்கண்காட்சி ஆலைத் தொழிலாளர் உடல்நலம் பற்றியும் பேசியது.

கலத்தின் காலத்தை அறியச் சேகரிப்போர் சில அடையாளங்களைக் கொள்கின்றனர். ஆங்கிலக் கலங்களின் அடியில் காணப்படும் சாய்சதுர முத்திரை, 1842 முதல் 1883 வரை வழங்கிய வடிவப் பதிவினைக் குறிக்கும். 'இங்கிலாந்து' என நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பின் அக்கலம் பெரும்பாலும் 1891ஆம் ஆண்டிற்குப் பிற்பட்டது. அவ்வாண்டு முதல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கோரியமையே இதற்குக் காரணம். மெழுகுவர்த்தித் தாங்கியில் முதலில் நோக்க வேண்டியது வர்த்தி செருகும் குழியாகும். வெப்பத்தாலும், மெழுகினைச் சுரண்டி எடுப்பதாலும் விரிசல் தோன்றுவது அங்கேதான். விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் முழுமையான கலம் தெளிவாக ஒலிக்கும். விரிசலுற்றது மந்தமாக ஒலிக்கும். சந்தையில் பானை வாங்கும் தமிழ்ப் பெண்கள் இச்சோதனையை நெடுங்காலமாக அறிவர்.

சுவரேறிய மஜோலிக்கா

தாங்கிகளும் சாடிகளும் ஐரோப்பிய இல்லங்களுக்கு உரியவையாகவே பெரிதும் நின்றன. தமிழர் வாழ்விடங்களுக்குள் மஜோலிக்கா நுழைந்தது சுவர் ஓட்டின் வடிவிலாகும். உலர்ந்த களிமண் துகளை அச்சில் வைத்து அழுத்திக் கலம் செய்யும் முறைக்கு 1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிராசர் காப்புரிமை பெற்றார். அம்முறை ஓடுகளைப் பெருமளவில் மலிவாகச் செய்ய வழிவகுத்தது. ஏறத்தாழ ஆறு அங்குலச் சதுரமான புடைப்போவிய ஓடுகள் இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து ஆசியத் துறைமுகங்களுக்கு வந்தன.

முதல் உலகப் போர் (1914-1918) ஐரோப்பிய வரத்தைக் குறைத்தபோது ஜப்பானிய நிறுவனங்கள் அவ்விடத்தை நிரப்பின. அவாஜித் தீவின் டான்தோ நிறுவனம் அவற்றுள் ஒன்று. ஜப்பானியர் வாங்குவோரின் விருப்பமறிந்து வடிவம் அமைத்தனர். சீனர் இல்லங்களுக்குப் பழங்களும் மலர்களும் மயிலும் தீட்டப்பட்டன. இந்தியச் சந்தைக்குக் கண்ணன், திருமகள், கலைமகள் முதலிய தெய்வ உருவங்கள் வந்தன. இரவிவர்மா அச்சகம் 1894ஆம் ஆண்டு முதல் பரப்பிய வண்ணப்படங்களின் சாயலை அவற்றுட் பலவற்றில் காணலாம். கேரள ஓவியரின் கற்பனை ஜப்பானியச் சூளையில் வெந்து தமிழர் வீட்டுச் சுவரில் பதிந்தது என்பது இருபதாம் நூற்றாண்டு வணிகத்தின் விந்தைகளுள் ஒன்று. ஜப்பானின் தொக்கொநாமே நகரிலுள்ள ஐநாக்ஸ் அருங்காட்சியகம் 2018ஆம் ஆண்டு இவ்வோடுகளுக்கெனத் தனிக் கண்காட்சியே நடத்தியது.

இவ்வோடுகள் சென்று சேர்ந்த இடங்களுள் செட்டிநாடு முதன்மையானது. கானாடுகாத்தான், காரைக்குடி முதலிய ஊர்களின் மாளிகைகளில் பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஐரோப்பியக் கண்ணாடி, ஜப்பானிய ஓடு ஆகியன ஒருங்கே அமைந்தன. இவற்றை ஆத்தங்குடித் தரை ஓடுகளோடு சேர்த்து எண்ணுதல் பிழையாகும். ஆத்தங்குடி ஓடு கண்ணாடிப் பலகையின் மீது வண்ணச் சிமெண்டு ஊற்றிச் செய்யப்படுவது, சூளையில் சுடப்படாதது, உள்ளூர்க் கைவினைஞரின் ஆக்கம். மஜோலிக்கா ஓடு தீயில் வெந்தது, கப்பலில் வந்தது.

இம்மாளிகைகளைக் கட்டிய செல்வம் எங்கிருந்து வந்தது? நகரத்தாரின் கடல்கடந்த முதலீடு பற்றி 1930ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட மதிப்பீடு ஒன்று, பர்மாவில் 75 கோடி ரூபாயும் கூட்டரசு மலாய் மாநிலங்களில் 25 கோடி ரூபாயும் இலங்கையில் 14 கோடி ரூபாயும் இருந்தன எனக் காட்டுகிறது. பர்மாவில் நெல்லும் மலாயாவில் இரப்பரும் ஈயமும் அவ்வட்டித் தொழிலுக்கு அடிப்படைகள். லாபிஸ் அமைந்த ஜொகூர் அக்காலத்தில் கூட்டரசு மலாய் மாநிலங்களுக்குப் புறம்பானது; ஆதலின் மேற்கண்ட தொகையில் அதற்கு இடமில்லை. ஆயினும், இரப்பர் விலையின் ஏற்றத்தாழ்வு எல்லைகளைக் கருதுவதில்லை. இலண்டன் சந்தையில் இரப்பர் விலை உயர்ந்தால் தோட்ட முதலாளியும் தவ்க்கேயும் செட்டியாரும் ஒருங்கே பயன்பெற்றனர். மரத்தடியில் நின்றவரின் கூலி அவ்வளவில் உயரவில்லை.

லாபிஸ் தோட்டங்களின் மங்கு

இனி, மரத்தடிக்கு வருவோம். இரப்பர்ப் பட்டையைச் சாய்வாகச் சீவினால் பால் கசிந்து கோட்டின் வழியே இறங்கும். கோட்டின் முடிவில் செருகப்பட்ட தகரத் துண்டு அதனை மங்கில் சேர்க்கும். கம்பி வளையத்தில் மங்கு மரத்தோடு பொருந்தியிருக்கும். பொழுது புலர்வதற்கு முன் வெட்டத் தொடங்கி, வெயில் ஏறியபின் மங்கிலிருந்த பாலை வாளியில் ஊற்றி, நிறுவைக்குக் கொண்டுசெல்வது அன்றாட நடைமுறை. பெற்றோருக்கு உதவியாகச் சென்ற சிறுவர் சிறுமியர் முதலில் கற்றுக்கொண்ட வேலை மங்கு துடைத்தலாகும். முந்தைய நாளின் பால் காய்ந்து மங்கின் உட்புறத்தில் தோலாகப் படிந்திருக்கும். அதனை உரித்துச் சேர்த்தால் அதற்கும் ஒரு விலை உண்டு.

தொடக்கக் காலத்தில் தேங்காய்ச் சிரட்டையும் தகரக் குவளையும் மங்காகப் பயன்பட்டன. தகரம் துருப்பிடித்துப் பாலின் நிறத்தைக் கெடுத்தது. சிரட்டையில் அழுக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே, கண்ணாடிக் கிண்ணங்களும் மெருகு பூசிய மண்கிண்ணங்களும் இடம்பெற்றன. மெருகின் பயன் இங்கு அழகன்று. மண் தன்னியல்பில் நுண்துளை உடையது, பாலை உறிஞ்சும். கண்ணாடி போன்ற மெருகுப் படலம் அத்துளைகளை அடைக்கிறது. அதனால் காய்ந்த பால் எளிதில் உரிந்து வருகிறது, கிண்ணமும் தூய்மையாகிறது. மேசைமீது நிற்கும் மஜோலிக்காத் தாங்கியிலிருந்து மெழுகு உரிந்து வருவதும் இதே இயல்பினால்தான்.

இம்மண்கிண்ணங்களைச் செய்தோர் பெரும்பாலும் சீனக் குயவர்கள். சிங்கப்பூர், ஜொகூர்ப் பகுதிகளில் மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் நாகச் சூளைகளை அமைத்து அவர்கள் பால் கிண்ணங்களும் பூந்தொட்டிகளும் சுட்டனர். சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் 1940ஆம் ஆண்டு கட்டப்பட்ட நாகச் சூளை ஒன்று பேணிக் காக்கப்பட்டு வருகிறது. லாபிசிலிருந்து தெற்கே யோங் பெங்கைக் கடந்தால் வரும் ஆயர் ஈத்தாம் ஊர், மண்கலங்களுக்காக நாடறிந்தது. அதனருகே மாச்சாப்பில் ஆவ் குடும்பத்தார் நடத்திய மண்கலத் தொழில் புகழ்பெற்றது. விறகு எரியும் சூளையின் வாய்க்கு அருகே இருந்த கிண்ணத்தில் சாம்பல் படிந்து மெருகு தடிக்கும், தொலைவிலிருந்ததில் வெளிறும். இதனால் ஒரே அச்சில் வார்த்தவையாயினும் இரண்டு மங்குகள் முற்றும் ஒத்திருப்பதில்லை. சேகரிப்போர் மஜோலிக்காவில் தேடிப் போற்றும் அதே தனித்தன்மை மங்கிலும் உண்டு.

ஆகவே, சீனக் குயவர் சுட்டதும், மலாய்ப் பெயர் தாங்கியதும், தமிழர் கையாண்டதும் ஆகிய ஒரு கலம் மலாயாவின் வரலாற்றைத் தன்னுள் அடக்கி நிற்கிறது எனலாம். இந்நாட்டின் மூவினத் தொடர்பினை மாணவர்க்கு உணர்த்த இதனினும் எளிய பொருளைக் காண்பது அரிது.

இன்று லாபிஸ் வட்டாரத்தில் செம்பனையே மேலோங்கியுள்ளது. செம்பனை இனப்பெருக்க ஆய்வில் 'ஜொகூர் லாபிஸ்' என்பது ஒரு மரபுவகையின் பெயராகவே வழங்குகிறது. இரப்பர் மரம் அகன்றபோது மங்கும் அகன்றது. எஞ்சிய இரப்பர்க் காடுகளிலும் நெகிழிக் கிண்ணங்கள் வந்துவிட்டன. மண் மங்குகள் சில பூச்செடி வளர்க்கும் கிண்ணங்களாகவும் கோழிக்கு நீர் வைக்கும் கலங்களாகவும் எஞ்சின. மற்றவை செம்பனையின் அடியில் மண்ணோடு மண்ணாயின.

சேகரிப்பின் இருமுகம்

சேகரித்தல் காத்தலாகும் என்பது பொதுக் கருத்து. அது முழு உண்மையன்று. பர்மாவில் நகரத்தார் கொண்டிருந்த முதலீடு 1942ஆம் ஆண்டுப் போராலும் பின்னர் வந்த நிலச் சட்டங்களாலும் அழிந்தது. பேண இயலாத மாளிகைகள் பல இடிக்கப்பட்டன. அவற்றின் தூண், கதவு, ஓடு, மங்குச் சாமான் ஆகியன காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து அவை உலகின் பல நகரங்களுக்கும் சென்றன. பொருள் பிழைத்தது, அது யார் வீட்டின் எந்தச் சுவரில் எத்தகைய நிகழ்வுக்காகப் பதிக்கப்பட்டது என்னும் செய்தி அழிந்தது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வேற்பு வந்தபோது பல சுவர்கள் வெறுமையாகிவிட்டிருந்தன.

சிங்கப்பூரின் புக்கிட் பிரௌன் இடுகாட்டில் சீனர் கல்லறைகள் பல மஜோலிக்கா ஓடுகளால் அணி செய்யப்பட்டவை. சாலை அமைக்கும் பொருட்டுக் கல்லறைகள் அகற்றப்பட்டபோது ஆர்வலர்கள் அவற்றை ஆவணப்படுத்த முன்வந்தனர். தைவானில், இடிக்கப்படும் வீடுகளிலிருந்து ஓடுகளை மீட்டு வந்த நண்பர் குழுவொன்று ஜியாயி நகரில் 2016ஆம் ஆண்டு ஓர் அருங்காட்சியகத்தையே திறந்தது. பொருளோடு அதன் இடமும் வரலாறும் பதியப்படும்போதுதான் சேகரிப்பு ஆய்வுக்குப் பயன்படும் என்பதை இவை காட்டுகின்றன.

எனினும், இம்முயற்சிகள் அனைத்தும் அழகிய பொருளைச் சுற்றியே எழுந்தவை. சந்தையில் விலையுள்ள பொருளுக்கு ஆர்வலரும் பட்டியலும் கண்காட்சியும் கிட்டுகின்றன. விலையற்ற பொருளுக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டுவதில்லை. மஜோலிக்கா ஓட்டின் பின்புற முத்திரையைக் கொண்டு அதன் ஆலையையும் காலத்தையும் கூற இயலும். லாபிஸ் தோட்டமொன்றில் மூன்று தலைமுறைகள் துடைத்த மங்கு எச்சூளையில் சுடப்பட்டது எனக் கூறத்தக்க பட்டியல் நம் கல்வி நிலையங்களில் உருவாக்கப்படவில்லை. உழைத்தோர் தம்மைப் பற்றி எழுதி வைத்த ஆவணங்கள் குறைவு. அந்நிலையில் அவர்கள் கைபட்ட பொருளையும் இழப்பது இருமடங்கு இழப்பாகும்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கன

இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்ய இயலும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிகாமட் மாவட்டத் தமிழ்ப் பள்ளிகள் உட்பட, தோட்டப் பின்னணி கொண்ட பள்ளிகள் சிறு பொருட்காட்சி மூலை ஒன்றை அமைக்கலாம். மங்கு, உளி, வாளி, எனாமல் தட்டு, ஊறுகாய்ச் சாடி ஆகியன அதற்குப் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதப்பட வேண்டும். பொருள் கிடைத்த இடம், கொடுத்தவர் தரும் இசைவு, பயன்பட்ட காலம், உயரமும் வாயகலமும், மெருகின் நிறம், அடியில் உள்ள குறி, வழங்கிய பெயர் ஆகியவற்றை அவ்வட்டை கொண்டிருத்தல் நலம். முன்புறமும் அடிப்புறமும் தெரிய இரு நிழற்படங்கள் வேண்டும். பொருளைக் கையாண்ட முதியவரின் பேச்சு அவர்தம் சொல்லிலேயே பதியப்பட வேண்டும். 'மங்கு' எனக் கூறியதைப் 'பால் கிண்ணம்' எனத் திருத்தி எழுதினால் சான்றின் ஒரு பாதி போய்விடும்.

பொருளைத் தூய்மை செய்வதிலும் அளவு வேண்டும். உட்புறத்தில் படிந்த பழைய இரப்பர்ப் படலத்தைச் சுரண்டி எடுத்தல் கூடாது. அதுவே அதன் பயன்பாட்டுக்குச் சான்று. பழைய வண்ண மெருகுக் கலங்களில் காரீயம் இருக்கக்கூடும் ஆதலின், அவற்றில் உணவு வைத்தல் கூடாது என்பதையும் மாணவர்க்கு அறிவுறுத்த வேண்டும். தமிழகத்திலிருந்து பொருள் வாங்குவோர் சட்டத்தையும் அறிதல் நன்று. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகும். தனியார் அவற்றை நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்லுதல் குற்றம். மாளிகை ஓடுகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வயதை எட்டி வருகின்றன. மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

முடிவுரை

பாஸ்ராக் குயவர் சீனக் கலத்தைக் கண்டு செய்த முயற்சி இத்தாலியில் மஜோலிக்காவாயிற்று; இங்கிலாந்தில் மெழுகுவர்த்தித் தாங்கியாயிற்று; ஜப்பானில் தெய்வ உருவம் தாங்கிய ஓடாயிற்று; செட்டிநாட்டுச் சுவரில் செல்வத்தின் அடையாளமாயிற்று. மண்ணின் மீது மெருகு பூசும் அதே பொது அறிவு, சீனக் குயவரின் தனி மரபு வழியாக, லாபிசில் பால் ஏந்தும் கிண்ணமாக நின்றது. இரப்பர் என்னும் ஒரு பொருளே பின்னிரண்டையும் ஒரு காலத்தில் இணைத்தது. மங்கில் வடிந்தது பால். அப்பாலின் பயனில் ஒரு பகுதி தொலைவில் ஓடாக ஒளிர்ந்தது.

மஜோலிக்காவைச் சேகரிப்போரைக் குறை கூறுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. அவர்தம் நுண்ணிய நோக்கும் பதிவு செய்யும் ஒழுங்கும் நாம் கற்கத்தக்கவை. அவ்வொழுங்கினை நம் பாட்டனும் பாட்டியும் அன்றாடம் துடைத்து வைத்த கலத்திற்கும் உரியதாக்குதல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது. மங்கின் பெயரையும் பயனையும் தம் வாயால் கூறவல்ல முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும் காலத்திலேயே அக்கலம் பள்ளியின் அலமாரிக்கு வந்து சேருமாயின், லாபிசின் வரலாற்றை எழுதுவோர்க்குப் புதிய சான்றொன்று கிட்டும்.